கண்ணைச் சுற்றிய கருப்பும் கோடுகளும்: ஒன்பது மாத நிகழ்வு ஆய்வு

## பின்னணி

38 வயதுப் பெண். கணக்குப் பிரிவில் வேலை, நாளில் பெரும்பகுதி கம்ப்யூட்டர் திரை முன்னால். என்னிடம் வந்தபோது கையில் ஒரு சின்னப் பை இருந்தது. அதைத் திறந்து ஒவ்வொன்றாக மேசை மேல் எடுத்து வைத்தார். இரண்டு ஐ கிரீம், ஒரு வைட்டமின் சி சீரம், கிளைகாலிக் அமிலத்தில் நனைத்த பஞ்சுகள், மேக்கப் துடைக்கும் ஈரத்தாள், வாசனையுள்ள ஒரு ரோல்-ஆன், லேபிள் பாதி கிழிந்த ஒரு ட்யூப். மொத்தம் ஏழு. ஏழுமே கண்ணைச் சுற்றிப் போட்டுக்கொள்வதற்கு.

"கருவளையம் மூணு வருஷமா இருக்கு டாக்டர். இந்த எட்டு மாசமாத்தான் சுருக்கமும் சேர்ந்துடுச்சு. ஃபில்லர் போட்டுடலாமா?" என்று கேட்டார். பள்ளத்தை நிரப்பத் தோலுக்கு அடியில் ஊசியால் ஏற்றும் ஜெல்லைத்தான் ஃபில்லர் என்பார்கள்.

முதல் இரண்டு வருடம் கருப்பு மட்டும்தான் இருந்திருக்கிறது. அதுவும் சில நாள் கூடும், சில நாள் குறையும். தூக்கம் போதவில்லை என்று எல்லாரும் சொன்னதால் சீக்கிரம் படுக்கப் பழகினார். ஏழு மணி நேரம் நன்றாகத் தூங்கி எழுந்தாலும் கண்ணாடியில் அதே முகம். அப்புறம்தான் கிரீம்கள் ஆரம்பித்தன. ஒன்று எரிந்தால் இன்னொன்று, அதில் பலன் தெரியாவிட்டால் அதற்கு மேல் மற்றொன்று. கடைசியாக வந்தது தெரிந்தவர் கொடுத்த அந்தக் கிழிந்த ட்யூப். அதைத் தடவிய முதல் வாரத்திலேயே நன்றாக வெளுத்தது. நிறுத்தினால் பழையபடி கருத்தது. அதனால் விட்டு விட்டு நான்கு மாதம் தடவியிருக்கிறார்.

வேலை இடத்தில் "உடம்பு சரியில்லையா?" என்று யாராவது ஒருவர் கேட்காத நாளே இல்லை என்றார். வீடியோ கூட்டங்களில் கேமராவை அணைத்து வைக்கத் தொடங்கியிருந்தார். இதைச் சொல்லும்போது குரல் இறங்கிப் போனது. கருவளையத்தால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் பார்ப்பவர்களெல்லாம் தினமும் இரக்கப்பட்டால் ஒரு மனிதர் எவ்வளவு ஒடுங்கிப் போவார் என்பதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன். 'வெறும் அழகு விஷயம்தானே' என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை.

## முதல் நாள் பார்த்தவை

முதல் தடயம் அவர் அறைக்குள் வருவதற்கு முன்பே கிடைத்தது. காத்திருக்கும் இடத்தைக் கடந்து போனபோது, ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் மூட்டால் வலது கண்ணின் உள்மூலையைக் கசக்கிக்கொண்டிருந்தார். நான் திரும்பி வரும்போது மறுபடியும் அதையே செய்துகொண்டிருந்தார். பிறகு கேட்டபோது, "நான் கண்ணைக் கசக்குற ஆளே இல்லையே" என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியாமல் நடந்துகொண்டிருந்த காரியம் அது.

இமைத் தோலின் அமைப்பை அறிந்தால்தான் அந்தக் கசக்கலின் எடை புரியும். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் அங்கேதான். தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர், பல இடங்களில் அதற்கும் குறைவு. எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு, அடியில் மெத்தை போலக் கொழுப்பும் அநேகமாக இல்லை. அதற்கு நேர் கீழே கண்ணைச் சுற்றி வளையமாக ஓடும் தசை, ரத்தக் குழாய்கள். உள்ளே இருப்பதன் நிறம் வெளியே தெரிந்துவிடும், வெளியே படுவது உள்ளே சீக்கிரம் இறங்கிவிடும்.

கருவளையம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் குறைந்தது மூன்று விதம் உண்டு. தோலிலேயே படிந்த பழுப்பு நிறமி ஒன்று. மெல்லிய தோல் வழியே தெரியும் ரத்தத்தின் நீலமும் ஊதாவும் இன்னொன்று. கண்ணுக்கும் கன்னத்துக்கும் இடையிலுள்ள பள்ளமோ, இமையின் வீக்கமோ போடும் நிழல் மூன்றாவது. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைத் தொடக்கூடத் தொடாது. எனவே எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

கீழ் இமையின் தோலை விரலால் மெல்ல இழுத்துப் பிடித்தேன். பழுப்பு கலையாமல் தோலோடு சேர்ந்து நகர்ந்தது. நிறமி இருக்கிறது என்று பொருள். இழுத்த இடத்தில், மூக்கை ஒட்டிய பக்கம் மட்டும் ஊதா கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தது. ரத்தக் குழாய்களின் பங்கும் இருக்கிறது. பிறகு முகத்தை விளக்கை நோக்கி நிமிர்த்தச் சொன்னேன். பள்ளத்தில் வெளிச்சம் நிறைந்ததும் கருப்பின் ஒரு பகுதி மறைந்தே போனது. அது நிழல். ஆக மூன்றும் கலந்த நிலை. அவற்றில் பழுப்புதான் பெரும்பங்கு.

அடுத்தது கோடுகள். இமை முடிக்குக் கீழே, உள்மூலையில் தொடங்கி வில் போல வளைந்து போகும் இரண்டு மடிப்புகள் இரு பக்கமும் இருந்தன. டென்னி-மார்கன் மடிப்பு என்று இதற்குப் பெயர். ஒவ்வாமை உடல்வாகு உள்ளவர்களிடம் சிறு வயதிலிருந்தே காணப்படுவது. வயதால் வந்த சுருக்கம் என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். அதற்குக் கீழே கசங்கிய டிஷ்யூ தாள் போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பொடிக் கோடுகள். அங்கே லேசான செதில், தொட்டால் சொரசொரப்பு. அந்த இடத்தில் பெட்ரோலியம் ஜெல்லியைத் துளி ஒற்றிவிட்டு, பேச்சைத் தொடர்ந்தேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது பொடிக் கோடுகளில் பாதி மங்கியிருந்தன. வறட்சியால் வந்த கோடு ஈரம் கிடைத்ததும் இப்படி இறங்கிவிடும். தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதம் குறைந்து விழுந்த சுருக்கம் இறங்காது. கண்ணின் வெளிமூலையில் சிரிக்கும்போது விரியும் கோடுகள் மட்டும் வயதுக்கு உரியவை. சிரிப்பு நின்றதும் அவையும் அநேகமாக மறைந்தன.

மூக்கைப் பற்றிக் கேட்டேன். காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், இரவில் ஒரு பக்கம் அடைப்பு, பல வருடங்களாக. "அது எப்பவும் இருக்கறதுதான்" என்று சொல்லிக் கடந்துவிட்டார். மூக்கின் உள்சவ்வு வீங்கினால் கீழ் இமையிலிருந்து ரத்தம் வடிந்து போகும் சிரைகளில் தேக்கம் ஏற்படும். அந்தத் தேக்கம்தான் இமையில் நீலமாகத் தெரியும். கூடவே கண் அரிப்பு, அரிப்பால் கசக்கல், கசக்கலால் நிறமி. மூன்று வருடக் கருப்புக்கு ஆரம்பம் பெரும்பாலும் அங்கேதான் என்று தோன்றியது.

கிழிந்த ட்யூபில் எஞ்சியிருந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்ததில் மூன்று பொருள் தெரிந்தன: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு. மங்கு போன்ற சில நிலைகளில் குறுகிய காலத்துக்கு மருத்துவர் மேற்பார்வையில் தரப்படும் கலவை. இமையில் மாதக்கணக்கில் தடவக் கூடியதே அல்ல. ஸ்டீராய்டு தோலை இன்னும் மெலிதாக்கும், நுண்ணிய ரத்தக் குழாய்களை வெளியே தெரிய வைக்கும். கண்ணருகில் நீண்ட நாள் போட்டால் கண் அழுத்தம் உயரவும் புரை விழவும் வாய்ப்புண்டு.

தந்தைக்கும் இதே போலக் கண்ணுக்குக் கீழ் பள்ளமும் கருப்பும் இருந்ததாகச் சொன்னார். கீழ் இமையை விலக்கிப் பார்த்தபோது உட்புறம் வெளிறியிருந்தது. மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகம் என்பதும் கேட்டதில் தெரிந்தது. தலைக்குச் சாயம் போடுவதில்லை. கண்ணில் சொட்டு மருந்து எதுவும் இல்லை. கண் அழுத்த நோய்க்குத் தரும் சில சொட்டு மருந்துகள் இமையைக் கருக்கச் செய்யும் என்பதால் அதையும் கேட்டேன்.

இவ்வளவும் கேட்ட நான் ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அது பின்னால் வருகிறது.

## எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு, ஏழையும் நிறுத்துவது. அவர் முகம் வாடிவிட்டது. ஏதாவது செய்ய வேண்டும் என்று வந்தவரிடம் எதுவும் போடாதீர்கள் என்றால் கைவிட்டது போலத்தான் இருக்கும். ஆகவே காரணத்தை விளக்கிச் சொன்னேன். அழற்சியில் இருக்கும் தோல் நிறமியைக் கூடுதலாகச் சுரக்கும். மாநிறத்துக்கும் அதற்கு மேலும் நிறமுள்ள தோலில் இது இன்னும் அதிகம். வெளுக்க வைப்பதாகச் சொல்லும் கிரீமே எரிச்சலைக் கொடுத்தால், அது ஒரு பக்கம் துடைக்க மறுபக்கம் மை கொட்டுகிற கதைதான்.

ஃபில்லர் வேண்டாம் என்றேன். பள்ளம் அவ்வளவு ஆழமில்லை. ஒவ்வாமையால் அடிக்கடி வீங்கும் இமையில், நீரை ஈர்த்து வைக்கும் ஹையலூரோனிக் அமில ஃபில்லரைப் போட்டால் வீக்கம் நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும். மெல்லிய தோலுக்கு அடியில் மேலாக அமைந்துவிட்டால் அதுவே நீலமாகத் தெரியும். அரிதாக ரத்தக் குழாய்க்குள் புகுந்தால் பார்வையே போகலாம். தகுந்தவருக்குத் தகுந்த நேரத்தில் பயன்படும் சிகிச்சைதான், நான் அதற்கு எதிரியல்ல. செதில் உதிரும் இமைக்கு அது நேரமல்ல. லேசரையும் அதே காரணத்தால் தள்ளி வைத்தேன். அழற்சி அடங்காத இடத்தில் சூடு பட்டால் கருப்பு கூடும்.

அப்போது கொடுத்தவை கொஞ்சம்தான். அழற்சிக்கு ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் 0.03 சதவீத ஆயின்மென்ட், இரண்டு வேளை. முதல் சில நாள் சுரீரென்று எரியும், பயந்து நிறுத்திவிட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டேன். ஈரத்துக்கு வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லி. பகலில் துத்தநாக ஆக்சைடு உள்ள எஸ்.பி.எஃப். 30 சன் ஸ்க்ரீன். மற்ற வகைகள் வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கி எரியும், எரிந்தால் கை தானாகக் கண்ணுக்குப் போகும் என்பதால் இந்த வகை. மூக்குக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும், தூக்கக் கலக்கம் தராத ஒவ்வாமை மாத்திரையும். ஸ்ப்ரேயை மூக்கின் நடுத்தண்டை நோக்கி அடிக்காமல், காதுப் பக்கம் சாய்த்து அடிக்கக் காட்டிக் கொடுத்தேன்.

கசக்குவதை 'நிறுத்துங்கள்' என்று மட்டும் சொன்னால் நடக்காது. தெரியாமல் செய்வதை எப்படி நிறுத்துவது? மேசையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்துக்கொண்டு, கை கண்ணுக்குப் போனதை உணரும்போதெல்லாம் ஒரு கோடு போடச் சொன்னேன். அரித்தால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைக் கண் மேல் ஒற்றி வைக்கலாம்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.4 கிராம், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 8. தைராய்டு சரியாக இருந்தது. இரும்பு மாத்திரை தொடங்கி, உதிரப்போக்குக்காக மகளிர் மருத்துவரிடம் அனுப்பினேன். ரத்தம் கூடினால் கருவளையம் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. வெளிறிய முகத்தில் கருப்பு எடுப்பாகத் தெரியும் என்பது உண்மை. ஆனாலும் சோகையைச் சரி செய்ய அதற்கு மேல் காரணங்கள் உண்டு. கண் மருத்துவரிடமும் போகச் சொன்னேன். கண் அழுத்தம் இயல்பாக இருந்தது. கண்ணாடியின் பவர் மாறியிருந்தது, இத்தனை நாளும் திரையைக் கண்ணைச் சுருக்கித்தான் பார்த்திருக்கிறார். புதுக் கண்ணாடி போட்டார்.

## மூன்றாம் வாரம்

செதில் போயிருந்தது. பொடிக் கோடுகள் பெரும்பாலும் இல்லை. ட்யூபை நிறுத்தியதும் பத்து நாள் சிவந்து எரிந்திருக்கிறது. ஸ்டீராய்டை விட்டால் இப்படித் திரும்பும் என்று எச்சரித்திருந்ததால் தாங்கிக்கொண்டார். துண்டுச் சீட்டுகளைப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். முதல் நாள் 43 கோடு. கடைசிச் சீட்டில் 7. அந்த 43ஐக் காட்டி, "இது நானா டாக்டர்?" என்று கேட்டார்.

பழுப்பு அப்படியேதான் இருந்தது. அதை எதிர்பார்த்தேன். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளச் சுமார் நான்கு வாரம் ஆகும், வயது கூடக் கூட இன்னும் அதிகம். நிறமி ஆழத்தில் இறங்கியிருந்தால் மாதக்கணக்கு.

## ஆறாம் வாரம்: சறுக்கல்

குறித்த நாளுக்கு முன்பே வந்தார். வலது மேல் இமை சிவந்து வீங்கியிருந்தது. இடது பக்கம் லேசாக. கழுத்தின் வலப்புறத்தில் ஒரு சிவந்த திட்டு. மூன்றாம் வாரத்தில் கண்ட முன்னேற்றம் எல்லாம் போயிருந்தது.

இங்கே நான் செய்த தவறைப் பதிவு செய்ய வேண்டும். என் முதல் கேள்வி, "பழைய கிரீம் எதையாவது மறுபடி போட்டீங்களா?" என்பது. இல்லை என்றார். நான் விடவில்லை. "கொஞ்சமாவது? ஒரு நாளாவது?" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. நம்பாத தொனியில்தான் கேட்டிருக்கிறேன் என்பது பிறகு யோசித்தபோது புரிந்தது.

அந்தக் கேள்விக்கு அவசரப்படாமல் கண்ணெதிரே இருந்ததை யோசித்திருந்தால், கணக்கு உதைக்கிறது என்று அப்போதே தெரிந்திருக்கும். கண்ணுக்குத் தடவும் கிரீம் காரணமானால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோலப் பாதிக்கும். இங்கே வலது பக்கம்தான் அதிகம். ஸ்டீராய்டை விட்டதன் எதிர்வினை என்றால் முதல் ஓரிரு வாரத்திலேயே வந்திருக்கும், வந்தும் போய்விட்டது. கழுத்தில் அவர் எதையும் தடவுவதே இல்லை. அப்படியானால் ஏதோ ஒன்று கை வழியாக அங்கங்கே போய்ச் சேருகிறது.

மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் வலது கையைக் கன்னத்தில் ஊன்றி உட்கார்ந்தார். விரல் நுனிகள் சரியாகக் கண்ணின் வெளிமூலையில் பதிந்தன. அடர் சிவப்பில், கண்ணாடி போலப் பளபளக்கும் நகங்கள்.

"ஜெல் பாலிஷா?"

"ஆமா டாக்டர், போன வாரம் போட்டது. எட்டு ஒன்பது மாசமாப் போடறேன். நடுவுல நகம் உடைஞ்சுதுன்னு ஒரு மாசம் விட்டிருந்தேன்."

அவர் விட்டிருந்த அந்த ஒரு மாதம்தான் என் சிகிச்சை அருமையாக வேலை செய்த மாதம்.

## விரல் நுனியில் இருந்த விடை

ஜெல் பாலிஷிலும் செயற்கை நகங்களிலும் அக்ரிலேட் என்ற வேதிப்பொருள் குடும்பம் இருக்கிறது. புற ஊதா விளக்கின் கீழ் அது இறுகிக் கெட்டியாகும். சரியாக இறுகாமல் எஞ்சும் துணுக்குகளும், நகத்தைச் சுற்றிய தோலில் படுவதும் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடும். விரல்தோல் தடிமன் என்பதால் அங்கே எதுவும் தெரியாமல் போகலாம். ஆனால் அந்த விரல் நாள் முழுக்கத் தொடும் இமையும் கழுத்தும் மெல்லியவை, அங்கேதான் தெரியும். சாதாரண நகப்பூச்சுக்கும் இதே குணம் உண்டு. இமை அழற்சி என்றால் நகத்தைப் பார் என்று தோல் மருத்துவத்தில் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்.

நகப்பூச்சை அரத்தால் ராவாமல், அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கச் சொன்னேன். ராவினால் பறக்கும் தூசியே முகத்தில் படியும். இமை அடங்க இரண்டு வாரம் ஆனது. அதற்குப் பிறகு பேட்ச் டெஸ்ட். சந்தேகப்படும் பொருள்களைச் சிறு தட்டுகளில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் நனையாமல் வைத்திருந்து எடுத்துப் பார்ப்பார்கள். மறுபடியும் 96 மணி நேரத்தில் பார்ப்பார்கள். ஒவ்வாமை சில சமயம் தாமதமாகத்தான் தலைகாட்டும் என்பதால் இரண்டாவது பார்வையைத் தவறவிடக் கூடாது. இவருக்கு ஜெல் பாலிஷில் சேரும் ஹெமா என்ற அக்ரிலேட்டுக்கு நன்றாகத் தடித்துச் சிவந்தது. வாசனைப் பொருள்களின் கலவைக்கும் லேசான எதிர்வினை. அவர் கொண்டுவந்த ஏழில் நான்கில் வாசனை சேர்த்திருந்தது.

முழு வரிசை இப்போதுதான் தெளிவானது. மூக்கு ஒவ்வாமையும் தந்தை வழி அமைப்பும் முதலில் கருப்பைக் கொடுத்தன. அதைப் போக்க வந்த கிரீம்கள் எரிச்சலைக் கொடுத்தன. எட்டு மாதம் முன்பு தொடங்கிய ஜெல் பாலிஷ் இமையில் எக்ஸிமாவை, அதாவது அரிப்பும் செதிலுமான தோல் அழற்சியை, கிளப்பியது. அவர் சுருக்கம் என்று நினைத்தது அந்த எக்ஸிமாவின் வறட்சியைத்தான். ட்யூபில் இருந்த ஸ்டீராய்டு அவ்வப்போது அதை அமுக்கி வைத்து எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறது. தேதிகள் முதல் நாளே என் குறிப்பில் இருந்தன. 'எட்டு மாதமாகச் சுருக்கம்' என்று எழுதி வைத்த நான், எட்டு மாதம் முன்பு வாழ்க்கையில் புதிதாக என்ன நுழைந்தது என்று கேட்கவில்லை.

அக்ரிலேட் ஒவ்வாமை வந்தால் போவதில்லை. ஆகவே எழுத்தில் கொடுத்தேன்: ஜெல், அக்ரிலிக் நகங்கள் இனி வேண்டாம். இமை முடி ஒட்டும் பசைகளையும் ஒருமுறை என்னிடம் கேட்டுவிட்டே பயன்படுத்த வேண்டும். பல் அடைக்கும் பொருள்களிலும் இதே குடும்பம் இருப்பதால் பல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

## ஐந்தாம் மாதம்: எஞ்சிய கோடுகளும் பழுப்பும்

மூன்றாம் மாதம் முடியும்போது இமை முழுக்க அமைதியாகியிருந்தது. டாக்ரோலிமஸைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். ஹீமோகுளோபின் 12.6க்கு வந்திருந்தது. சேமிப்பு நிரம்ப இன்னும் சில மாதம் மாத்திரை தொடர வேண்டியிருந்தது. மேலும் இரண்டு மாதம் எந்தச் சிவப்பும் இல்லாமல் கழிந்த பிறகே கோடுகள் பக்கம் போனேன். அவர் அவசரப்படவில்லை. முன்பு அவசரப்பட்டதன் விலை அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

கோடுகளுக்கு வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் கொடுப்பதற்கு முன் கர்ப்பம் தரிக்கும் எண்ணம் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். எண்ணம் மாறினால் உடனே நிறுத்த வேண்டும் என்று சொல்லி, குறைந்த வீரியத்தில், வாசனையில்லாததைத் தேர்ந்தெடுத்தோம். வாரத்தில் இரண்டு இரவு மட்டும். பட்டாணியில் பாதி அளவு, அதுவே இரண்டு பக்கத்துக்கும். முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் ரெட்டினால், அதற்கும் மேல் மறுபடி மாய்ஸ்சரைசர். கண் குழியின் எலும்பு விரலுக்குத் தட்டுப்படும் இடத்தோடு நிறுத்திவிட வேண்டும், இமை மேல் போகக் கூடாது. கிரீம் தானாகவே கொஞ்சம் மேலே பரவிக்கொள்ளும். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும் என்றும் சொன்னேன்.

பழுப்புக்குக் காலையில் வைட்டமின் பி3 வகையான நியாசினமைடு. பகலில் பழைய சன் ஸ்க்ரீனுக்குப் பதிலாக இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்திலுள்ள ஒன்று. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நம் போன்ற நிறத்தில் நிறமியைக் கூட்டும், அதை இரும்பு ஆக்சைடுதான் ஓரளவு தடுக்கும். மேலே ஒரு மெல்லிய மறைப்பும் கிடைத்தது அவருக்குப் பெரிய ஆறுதல். வெளியே போகும்போது புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் கூலிங் கிளாஸ். வெயிலில் கண்ணைச் சுருக்குவதும் அதோடு குறைந்தது.

ஆறாவது மாதத்தில் ஒருமுறை, வாரம் இரண்டை நான்காக்கிப் பார்த்திருக்கிறார். சிவந்தது. அவரே நிறுத்தி, ஜெல்லி மட்டும் போட்டு, ஐந்தாம் நாள் என்னிடம் தகவல் சொன்னார். மறுபடி இரண்டாகவே தொடர்ந்தோம்.

## ஒன்பதாம் மாதம்

பழுப்பு நன்றாகக் குறைந்திருந்தது. இடது பக்கம் கிட்டத்தட்டப் பக்கத்துத் தோலின் நிறத்துக்கு வந்துவிட்டது, வலது உள்மூலையில் இன்னும் ஒரு சாயல் உண்டு. நீலம் பாதியளவு. மூக்கு அடைக்கும் நாட்களில் இன்றும் கூடித் தெரிகிறது, அதை அவரே கவனித்துச் சொன்னார். நிழல் மாறவில்லை. தந்தை கொடுத்த எலும்பமைப்பை எந்தக் கிரீமும் மாற்றாது. பொடிக் கோடுகள் இல்லை. டென்னி-மார்கன் மடிப்பு மெலிந்திருக்கிறது, போகவில்லை. சிரிக்கும்போது வரும் வெளிமூலைக் கோடுகளில் சிறிய மாற்றம்தான்.

தொடக்கத்தில் இது எவ்வளவு தொந்தரவு என்று பத்துக்கு மதிப்புக் கேட்டபோது 9 கொடுத்திருந்தார். இப்போது 3. ஃபில்லர் பற்றி நானே எடுத்தேன். இப்போது இமை அமைதியாக இருக்கிறது, வேண்டுமானால் அதன் நன்மை தீமைகளைப் பேசலாம் என்றேன். சிரிப்புக் கோடுகளுக்கு போட்டுலினம் ஊசி (போடாக்ஸ் என்று பலரும் சொல்வது) உண்டு, மூன்று நான்கு மாதம் பலன் நிற்கும் என்பதையும் சொன்னேன். "இப்போதைக்கு வேண்டாம்" என்றார். அது அவருடைய முடிவு. வேண்டும் என்று சொல்லியிருந்தாலும் தவறில்லை.

ஆறாம் வாரம் அவரைச் சந்தேகப்பட்டதற்கு அன்று வருத்தம் தெரிவித்தேன். "நீங்க மட்டுமா டாக்டர்? எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு. தூக்கத்துல எழுந்து போய் எதையாவது தடவிட்டேனோன்னு அன்னிக்கு ராத்திரி அந்தப் பையை அலமாரியில வச்சுப் பூட்டினேன்" என்றார்.

## அடுத்த முறை மாற்றுவது

நகத்தைப் பற்றிய கேள்வி முதல் நாளே வர வேண்டும். தலைச்சாயம், சொட்டு மருந்து, கிரீம் என்று முகத்தைச் சுற்றியே கேட்டேன், முகத்தைத் தொடும் கையை மறந்தேன். இப்போது இமை பற்றிய குறை என்று யார் வந்தாலும், உட்கார்ந்ததும் இரண்டு கையையும் மேசை மேல் விரித்து வைக்கச் சொல்கிறேன்.

செதிலும் அரிப்பும் உள்ள கருவளையத்துக்குப் பேட்ச் டெஸ்டைத் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டும். கிரீமை நிறுத்தினால் போதும் என்ற என் கணிப்பு பாதி சரியாக இருந்ததால்தான் மீதியைத் தேடாமல் விட்டேன். இரண்டு மாதம் அதில் போனது.

படங்களிலும் குறை உண்டு. முதல் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தேன், பின்னால் எடுத்தவை அறை விளக்கில். நிழல் பங்கு வகிக்கும் ஒரு பிரச்சினையில் வெளிச்சம் மாறினால் ஒப்பீடு செல்லாது. பழுப்பு குறைந்ததை நான் உறுதியாகச் சொல்வது நேரில் தோலை இழுத்துப் பார்த்ததை வைத்துத்தான், படங்களை வைத்தல்ல. இப்போது தரையில் நாற்காலிக்கு ஓர் அடையாளம் ஒட்டியிருக்கிறேன். அதே இடம், அதே விளக்கு, முகம் நேராக, சிரிக்காமல் ஒன்று, சிரித்து ஒன்று.

நிழல் மாறாது என்பதை முதல் நாள் அவரிடம் சொன்னேன், ஆனால் வாயால் மட்டும். நான்காம் மாதத்தில் அவர் அதை மறந்து, மருந்து வேலை செய்யவில்லையோ என்று கவலைப்பட்டார். இப்போது வருபவர்களின் கையில் கண்ணாடியைக் கொடுத்து, விளக்கை நோக்கி நிமிரச் சொல்கிறேன். எது மறைகிறது, எது அப்படியே நிற்கிறது என்று அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.